பழைய எடைகளும் கிலோ கணக்கும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் நாட்டுப் பழமொழி. அளந்து கொடுப்பதும் அளந்து வாங்குவதும் குடும்ப வாழ்வுக்கும் ஊர்ப் பொது வாழ்வுக்கும் ஒருங்கே இன்றியமையாதவை. ஆயினும் கொடுப்பவர் ஓர் அளவையையும் வாங்குபவர் வேறோர் அளவையையும் மனத்திற் கொண்டிருந்தால், அளந்தும் பயன் விளைவதில்லை, பூசலே விளைகிறது. பழைய எடைகளைக் கிலோவாக மாற்றும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஓர் உதாரணத்துடன் தொடங்குவோம். தாம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் 1949-ஆம் ஆண்டு எழுதிய கட்டளைப் பத்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் அம்மன் கோயில் திருவிழாவில் பானகம் வழங்குவதற்காகத் தம் வழியினர் மூன்று மணங்கு வெல்லம் கொடுத்துவர வேண்டும் என்று ஒரு குடியானவர் அதில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தலைமுறைக் காலம் அக்குடும்பத்தார் தவறாமல் கொடுத்து வந்தனர். இன்று நிலத்தின் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. குடும்பத்தில் எஞ்சியிருப்பவர் சொற்ப வருவாய் உடையவர். ஊரிலுள்ள இளைஞர் ஒருவர் கைப்பேசியிற் பார்த்து, ஒரு மணங்கு 37.32 கிலோ, ஆகவே கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 112 கிலோ என்கிறார். குடும்பத்தவரோ, தம் தந்தையார் கொடுத்தது 34 கிலோவுக்கு மேற்படவில்லை என்கிறார். ஒரு சாரார் அவரைச் சொல் தவறியவர் என்று ஏசுகின்றனர். வழக்கு பஞ்சாயத்தார் முன் வருகிறது. என்ன விடை கூறுவது?

விடையை இறுதியிற் காண்போம். அதற்கு முன்னர் எடைகளை முறையாக அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் பகுதியின் பழைய எடைகள்

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் முதலிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. இங்கே வழங்கியது சென்னை மாகாணத்தின் எடை முறை. அம்முறைக்கு அடிப்படை தோலா. அக்காலத்து வெள்ளி ரூபாய் நாணயம் சரியாக ஒரு தோலா எடையுள்ளதாக இருந்தமையால், மக்கள் அதனை ரூபாய் எடை என்றும் கூறினர். கையில் எடைக்கல் இல்லாதபோது நாணயமே எடைக்கல்லாகப் பயன்பட்டது. 1833-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தோலாவை 180 கிரெயின் என்று வரையறுத்தனர். 1939-ஆம் ஆண்டின் எடைச் சட்டமும் அதனையே நிலைநிறுத்தியது. இன்றைய கணக்கில் அது 11.66 கிராம்.

தோலாவிலிருந்து பிற எடைகள் பின்வருமாறு ஏறிச் செல்கின்றன:

3 தோலா = 1 பலம் = 35 கிராம்
8 பலம் = 1 சேர் = 280 கிராம்
5 சேர், அதாவது 40 பலம் = 1 வீசை = 1.4 கிலோ
8 வீசை = 1 மணங்கு = 11.2 கிலோ
20 மணங்கு = 1 பாரம் அல்லது கண்டி = 224 கிலோ

நுட்பமாகக் கணக்கிட்டால் ஒரு வீசை 1,399.66 கிராம் ஆகும். அதனை 1,400 என்று கொள்வதால் ஆயிரம் வீசைக்கு ஏற்படும் வேறுபாடு 350 கிராமுக்கும் குறைவே. எனவே ஊர்க் காரியங்களுக்கு 1.4 கிலோ என்று கொள்வதில் குற்றமில்லை.

காகிதமும் எழுதுகோலும் இன்றியே கணக்கிட ஒரு வழி உண்டு. 5 வீசை 7 கிலோ என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். 10 வீசை 14 கிலோ. 50 வீசை 70 கிலோ. 5 மணங்கு, அதாவது 40 வீசை, 56 கிலோ. மறுதலையாக, 35 கிலோவில் எத்தனை வீசை என்று அறிய வேண்டின், அதனை 7-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குக. 25 வீசை என விடை வரும். சிற்றெடைகளுக்கு, அரை வீசை 20 பலம், 700 கிராம். கால் வீசை 10 பலம், 350 கிராம். சித்த மருத்துவ நூல்களில் காணும் பலத்தையும் 35 கிராம் என்றே இக்காலத்தில் கொள்கின்றனர்.

சிலர் எளிமை கருதி வீசையை ஒன்றரைக் கிலோ என்று கூறுவதுண்டு. இதனால் வரும் இழப்பைப் பாருங்கள். நூறு வீசை காய்கறிக்கு விலை பேசிய உழவர் கொடுக்க வேண்டியது 140 கிலோ. வீசையை ஒன்றரைக் கிலோ என்று கொண்டால் 150 கிலோ கொடுத்துவிடுகிறார். பத்துக் கிலோ காய்கறி விலையின்றிப் போகிறது. கொடுத்தவர் ஏமாந்ததையும் அறியார். பெற்றவர் ஏமாற்றியதாகவும் எண்ணார்.

ராத்தலும் அந்தரும்

நாட்டு எடைகளோடு ஆங்கிலேயரின் எடைகளும் கலந்து வழங்கின. ரெயில்வே, துறைமுகம், ஆலை, அரசாங்க அலுவலகம் ஆகிய இடங்களில் அவையே கணக்கு. அவற்றின் வரிசை இது:

16 அவுன்சு = 1 ராத்தல் = 453.6 கிராம்
112 ராத்தல் = 1 அந்தர் = 50.8 கிலோ
20 அந்தர், அதாவது 2,240 ராத்தல் = 1 டன் = 1,016 கிலோ

இங்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. 11 ராத்தல் ஏறத்தாழ 5 கிலோ. 100 கிலோவுக்கு இக்கணக்கில் வரும் பிழை கால் கிலோவுக்கும் குறைவு. விலை மிகுந்த பொருளாயின் 453.6 என்ற எண்ணையே கையாளுதல் வேண்டும்.

நாட்டு எடையும் ஆங்கில எடையும் சந்திக்கும் இடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தோலாக் கணக்கின்படி ஒரு மணங்கு 24.69 ராத்தல். ஆனால் ஆங்கில வணிகர்கள் அதனை முழுமையாக்கி 25 ராத்தல் என்றும், பாரத்தை 500 ராத்தல் என்றும் எழுதினர். 500 ராத்தல் 226.8 கிலோ ஆகும். ஆகவே பழைய வணிகக் கணக்குகளில் ஒரு பாரத்திற்கு ஏறத்தாழ 2.8 கிலோ மிகுதியாகத் தோன்றினால், அது களவன்று; இரு முறைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடே ஆகும்.

ராத்தல் நம்மைவிட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்றுமதி வளாகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்புவோர் இன்றும் ராத்தல் கணக்கை அறிந்திருக்க வேண்டியவரே. ஏனெனில் அந்நாட்டு அங்காடிகளில் அதுவே வழக்கு. இலங்கைத் தமிழர் 450 கிராம் ரொட்டியை இன்றும் ஓர் இறாத்தல் பாண் என்றே கேட்டு வாங்குகின்றனர். ஆனால் 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ராத்தல் என்பதே 0.45359237 கிலோ என்று கிலோவைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. ராத்தலில் நிறுப்பவரும் உண்மையில் கிலோவைத்தான் சார்ந்து நிற்கின்றனர்.

ஒரே பெயர், வேறு எடை

எடை மாற்றுக் கணக்கில் நேரும் பெரும் பிழைகள் பெருக்கலிலும் வகுத்தலிலும் நேர்வன அல்ல. பெயரை நம்புவதால் நேர்வன. ஒரே பெயர் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு வெவ்வேறு எடையைக் குறிக்கும் என்பதை மறத்தலாகாது.

சேர் என்பது நம்மிடம் 24 தோலா, 280 கிராம். வட இந்தியாவிலோ 80 தோலா, 933 கிராம். மூன்று பங்குக்கு மேல் வேறுபாடு.

மணங்கு நம்மிடம் 11.2 கிலோ. பம்பாயில் 28 ராத்தல், அதாவது 12.7 கிலோ. வங்காளத்தில் 40 சேர், அதாவது 37.32 கிலோ.

கண்டி நம்மிடம் 224 கிலோ. பம்பாய்க் கண்டி 784 ராத்தல், அதாவது 355.6 கிலோ. இன்றும் பஞ்சு வணிகத்தில் கண்டி அல்லது கேண்டி என்று விலை கூறினால், அது இந்தப் பம்பாய்க் கண்டியே ஆகும். கோயம்புத்தூர் ஆலைகளுக்குப் பஞ்சு விற்போர் அதனை 356 கிலோ என்று கொள்கின்றனர். பாட்டனார் காலத்துக் கண்டியை நினைத்துக்கொண்டு இன்றைய விலையைக் கணக்கிட்டால் பெரும் பிழை நேரும்.

வீசை என்ற நம் சொல்லே ஆங்கிலத்தில் விஸ் என்று திரிந்து, மியன்மார் நாட்டு எடைக்கும் பெயராயிற்று. ஆனால் அந்நாட்டு வீசை 1.63 கிலோ.

டன் என்பதும் மூவகைப்படும். பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 ராத்தல், அதாவது 907 கிலோ. நம் நாட்டில் இன்று சட்டப்படி வழங்கும் மெட்ரிக் டன் 1,000 கிலோ.

பவுன் என்ற சொல்லும் மயக்கம் தரும். தங்கத்தில் ஒரு பவுன் என்பது சவரன். அதனை 8 கிராம் என்று கொள்கிறோம். ராத்தலைக் குறிக்கும் பவுண்டுக்கும் அதற்கும் எடையில் எத்தகைய தொடர்பும் இல்லை. உலகச் சந்தையில் தங்கத்திற்கு விலை கூறும் அவுன்சும் 31.1 கிராம் கொண்ட தனி வகை; மளிகைப் பொருளை நிறுக்கும் அவுன்சு 28.35 கிராம்.

பழைய எடைகளில் மட்டுமே இம்மயக்கம் உண்டு என்று எண்ணுதல் தவறு. மூட்டை என்பது எடையன்று, கொள்கலம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. தனியார் வணிகத்தில் ஊருக்கு ஊர் மூட்டையின் எடை மாறுகிறது. யூரியா மூட்டை முன்னர் 50 கிலோவாக இருந்தது. 2018-ஆம் ஆண்டில் 45 கிலோவாயிற்று. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. பழைய மூட்டை இரண்டில் 46 கிலோ தழைச்சத்து இருந்தது. புதிய மூட்டை இரண்டில் 41.4 கிலோவே உள்ளது. மூட்டைக் கணக்கில் உரமிடுவோர், பயிருக்குச் சேரும் சத்து குறைந்திருப்பதை அறியமாட்டார். ஆகவே உரத்தையும் விதையையும் நெல்லையும் கிலோவிலேயே கேட்டு, கிலோவிலேயே எழுதிவைக்கும் வழக்கம் வேண்டும்.

எடைக் கணக்கும் விலைக் கணக்கும்

எடையை மாற்றும் முறையிலேயே விலையையும் மாற்றிவிடுவது பலர் செய்யும் பிழை. வீசையைக் கிலோவாக்க 1.4-ஆல் பெருக்குகிறோம். ஆனால் வீசை விலையைக் கிலோ விலையாக்க 1.4-ஆல் வகுக்க வேண்டும். கிலோ என்பது வீசையைவிடச் சிறியது. சிறியதற்கு விலையும் குறைவாகத்தானே இருத்தல் வேண்டும்? வீசை 35 ரூபாய் என்றால் கிலோ 25 ரூபாய். விடை 49 ரூபாய் என்று வந்தால், வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டோம் என்று உணர்ந்துகொள்ளலாம்.

பழைய கணக்கேடுகளில் விலை அணாவில் இருக்கும். ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் முதல் நாளன்று நூறு காசு கொண்ட தசாம்ச நாணயம் நடைமுறைக்கு வந்தது. கணக்கேட்டில் வீசை 7 அணா என்று கண்டால், கிலோ 5 அணா. அதாவது 31 காசுக்குச் சற்று மேல். இவ்வாறு ஒவ்வொரு படியாக மாற்றினால் மயக்கம் நேராது.

கிலோ முறை வந்த வரலாறு

இத்தனை எடைகளையும் ஒன்றாக்கும் நோக்கத்துடன் 1956-ஆம் ஆண்டில் மத்திய அரசு எடை, அளவைகள் தரச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1962 ஏப்ரல் முதல் அவை நாடெங்கும் கட்டாயமாயின. அன்று கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் ஏற்பட்ட தடுமாற்றம் சிறிதன்று. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் கிலோவும் கிராமும் நம் சொந்தச் சொற்களாகிவிட்டன.

நம் நாட்டின் மூலக் கிலோ, 57 என்ற எண்ணுடையது, புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. உலோகக் கட்டி ஒன்றைச் சார்ந்து உலகம் எடையை வரையறுத்துவந்த முறை 2019 மே 20-ஆம் நாளன்று மாறிற்று. இயற்கையின் மாறாத எண்ணொன்றைக் கொண்டு கிலோ இப்போது வரையறுக்கப்படுகிறது. நம் கடையிலுள்ள கிலோவில் இதனால் மாற்றம் ஏதுமில்லை. இன்று நடைமுறையில் உள்ளது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். இது 2011 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. இதன்படி விலை கூறுவதும் விற்பனை செய்வதும் மெட்ரிக் அளவைகளிலேயே நிகழ வேண்டும்.

பத்திரத்தின் மணங்கு எது?

இனி, தொடக்கத்திற் கூறிய வழக்கிற்கு வருவோம். பஞ்சாயத்தார் முதலிற் கேட்க வேண்டியது, மணங்கு எத்தனை கிலோ என்பதன்று. எந்த ஊர் மணங்கு, எந்தக் காலத்து மணங்கு என்பதே. பத்திரம் செங்கற்பட்டு ஜில்லாவில் எழுதியது; எழுதியவர் குடியானவர்; பொருள் நாட்டு வெல்லம். இம்மூன்றும் சென்னை மணங்கையே சுட்டுகின்றன. இளைஞர் கைப்பேசியிற் கண்டது வங்காள மணங்கு. அவர் பொய் கூறவில்லை. வேறு நாட்டு எடையைக் கூறினார்.

இதற்கு மேலும் உறுதி வேண்டின், கோயிலின் பழைய வரவுக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் 3 மணங்கு 5 வீசையும், 2 மணங்கு 6 வீசையும் சேர்ந்து 6 மணங்கு 3 வீசை என்று கூட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 5-ம் 6-ம் 11 வீசை. அதில் 8 வீசை ஒரு மணங்காக ஏறியிருக்கிறது. 3 வீசை எஞ்சியிருக்கிறது. எனவே அக்கணக்கை எழுதியவருக்கு மணங்கு என்பது 8 வீசை என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்குகிறது. எழுதியவர் மறைந்தாலும் அவருடைய கூட்டல் சாட்சி கூறும்.

ஆகவே 3 மணங்கு 24 வீசை. 24 வீசை 33.6 கிலோ. தந்தையார் 34 கிலோ கொடுத்தார் என்றால், கொடுக்க வேண்டியதற்குச் சற்று மிகுதியாகவே கொடுத்திருக்கிறார். குடும்பத்தவர் சொல் தவறியவர் அல்லர். 112 கிலோ என்று தீர்ப்புக் கூறியிருந்தால், ஏழைக் குடும்பத்தின்மீது ஆண்டுதோறும் 78 கிலோ வெல்லத்தின் சுமையையும், அதனினும் கொடிய பழிச்சொல்லையும் ஏற்றியிருப்போம்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

தாம்பரம் 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆயிற்று. ஆயினும் அதனை அடுத்துள்ள புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியக் கிராமங்களில் பழைய பத்திரங்களும் கணக்கேடுகளும் இன்னும் வீடுகளில் இருக்கக்கூடும். வயல் குறைந்துவிட்டதால் பழைய எடைகளை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். எனவே பின்வருவனவற்றைச் செய்தல் நன்று.

முதலாவது, கோயில், ஏரி, பொதுமரங்கள் ஆகியவை பற்றிய பழைய ஆவணங்களிற் காணும் எடைகளைக் கிலோவாக மாற்றி, எந்த முறைப்படி மாற்றினோம் என்பதையும் அருகில் எழுதிவைத்தல். மூலத்திலுள்ள பழைய சொல்லை அழித்தல் கூடாது.

இரண்டாவது, புளியமரப் பலன் முதலியவற்றை ஏலம் விடும்போதும் புதிய ஒப்பந்தம் எழுதும்போதும் மூட்டை, கூடை, வண்டி என்று எழுதாமல் கிலோ என்றே எழுதுதல். சாக்கின் எடையைக் கழித்ததா, கழிக்காததா என்பதையும் குறித்தல்.

மூன்றாவது, சந்தையிலும் கொள்முதல் நிலையத்திலும் தராசில் அரசு முத்திரை உள்ளதா என்று பார்த்தல். மின்னணுத் தராசுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிடுதல் வேண்டும். பொருளை வைக்குமுன் தராசு பூஜ்யத்தைக் காட்டுகிறதா என்று நோக்குதல் ஒவ்வொரு உழவரின் உரிமை. குறை காணின், தமிழ்நாட்டில் இப்பணியை மேற்கொண்டுள்ள தொழிலாளர் துறையின் ஆய்வாளருக்கு எழுதலாம்.

நான்காவது, பழைய எடைக்கற்களைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம், வாணிகத்திற் பயன்படுத்தலாகாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழம்பொருளாக வாங்கிய வீசைக்கல்லாயினும், வீட்டுப் பரணில் கிடைத்த ராத்தற்கல்லாயினும் இவ்விதி பொதுவானது. பள்ளிக்கூடத்திற்குக் கொடுத்தால் மாணவர்க்குப் பயன்படும்.

பயிற்சிக் கணக்குகள்

கிராமப் படிப்பகத்திலோ இளைஞர் மன்றத்திலோ இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. 25 வீசை கத்தரிக்காய் எத்தனை கிலோ?
2. வீசை 42 ரூபாய் என்றால் கிலோ என்ன விலை?
3. 2 மணங்கு 4 வீசை 20 பலம் எத்தனை கிலோ?
4. 5 சேர் நம் கணக்கில் எவ்வளவு? வட இந்தியக் கணக்கில் எவ்வளவு?
5. 4 மணங்கு 7 வீசையுடன் 1 மணங்கு 3 வீசையைக் கூட்டினால் எத்தனை கிலோ?

விடைகள்: 1. 35 கிலோ. 2. 30 ரூபாய். 3. 20½ வீசை, 28.7 கிலோ. 4. நம் கணக்கில் 1.4 கிலோ, வட இந்தியக் கணக்கில் 4.67 கிலோ. 5. 6 மணங்கு 2 வீசை, 70 கிலோ.

பழைய எடைகளுக்கு மீண்டும் திரும்புமாறு நாம் கூறவில்லை. கிலோ முறையே எளியது, சட்டப்படியானது. ஆனால் முன்னோர் கொடுத்த வாக்குகள் பழைய எடைகளில் எழுதப்பட்டுள்ளன. அவற்றை ஊரும் காலமும் அறிந்து சரியாகப் படித்துக்கூறும் ஒருவரேனும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருப்பாராயின், கொடுப்பவருக்கும் குறையின்றி, பெறுபவருக்கும் குறையின்றி ஊர்க் காரியங்கள் நடைபெறும் என்பது திண்ணம்.